சார்பிட்ரேட் போடுபவர் வயாகரா போடலாமா?

வணக்கம் அண்ணா. 52 வயது, சர்க்கரை, நெஞ்சு வலித்தால் நாக்கடியில் சார்பிட்ரேட். ஆறு மாதமாக விறைப்பு இல்லை, நண்பர் கொடுத்த சில்டெனாஃபில் 50 (வயாகராவில் இருக்கும் மருந்து) போடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து போடாதீர்கள். இரண்டும் ரத்தக் குழாயைத் தளர்த்துபவை, சேர்ந்தால் பிரஷர் சட்டென்று இறங்கி உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே போட்டுவிட்டு நெஞ்சு வலித்தால் சார்பிட்ரேட்டைத் தொடாமல் 108-ஐக் கூப்பிட்டு, என்ன மாத்திரை, எத்தனை மணிக்கு என்று சொல்லுங்கள்.

மூலிகை லேகியமும் வேண்டாம். இதே சில்டெனாஃபிலைச் சொல்லாமல் அதில் கலந்து விற்றது பலமுறை பிடிபட்டிருக்கிறது.

ஆணுறுப்புத் தமனி 1-2 மி.மீ.தான், இதயத் தமனி 3-4. அடைப்பு பெரும்பாலும் சின்னதில்தான் முதலில் தெரியும். அதனால் கூச்சப்படாமல் இதய டாக்டரிடமே சொல்லுங்கள், அண்ணியையும் கூட்டிப் போங்கள். அப்புறம் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவையும் பாருங்கள். மாத்திரை ஒத்துவராதவர்களுக்கு காற்றை உறிஞ்சி விறைப்பு வரவைக்கும் வாக்வம் பம்ப் மாதிரி வேறு வழிகளும் இருக்கின்றன.