பள்ளி விடுவதற்குள் முடிகிற வேலை: திருகோணமலைத் தாய்மாருக்குக் கேள்வி பதில்

தனியாகப் பிள்ளை வளர்க்கிற தங்கச்சிமார் பலர் கேள்வி அனுப்பியிருக்கிறீர்கள். என் தொழில் சின்னக் கடைகளுக்கும் கந்தோர்களுக்கும் கணக்கும் சம்பளப் பட்டியலும் எழுதிக் கொடுப்பது. அதனால் முதலாளிமார் எதை யோசித்து ஓம் சொல்வார்கள், எதற்குப் பின்வாங்குவார்கள் என்பது கொஞ்சம் தெரியும்.

உவர்மலையிலிருந்து: மகள் இரண்டாம் வகுப்பு. நான் ஏ.எல். வரை படித்தேன். கலியாணத்துக்கு முதல் ஒரு கடையில் பில் எழுதினேன். வீட்டில் என்னையும் அவளையும் தவிர ஆள் இல்லை. கேட்ட இடமெல்லாம் எட்டிலிருந்து ஐந்து மணி வரை நிற்கச் சொல்கிறார்கள் அக்கா.

"அரைநாள் வேலை ஏதும் இருக்கா" என்று கேட்டுப் போகாதீர்கள். இல்லை என்பதுதான் அதற்குச் சுலபமான பதில். காலையிலேயே செய்து முடிக்க வேண்டிய வேலை ஒரு கடையில் என்ன இருக்கிறது என்று பார்த்து, அதைச் செய்து தருகிறேன் என்று போங்கள்.

மொத்தக் கடைகளை எடுங்கள். முந்தின நாள் பில்லைச் சேர்த்து எழுதுவது, காசை எண்ணி வங்கியில் போடுவது, எந்தக் காசோலை எந்தத் திகதிக்கு என்று பார்ப்பது, கடன் வைத்திருப்பவர்களுக்கு போன் அடிப்பது, இதெல்லாம் காலை வேலை. கல்லாவில் இருக்கிற முதலாளிக்கு இதற்கு நேரம் கிடையாது. கடை பூட்டிய பிறகு தூக்கக் கலக்கத்தில் எழுதுவார், மாதக் கடைசியில் கணக்கு உதைக்கும். அவரிடம் போய், "எட்டு மணிக்கு வந்து பன்னிரண்டு மணிக்குள் நேற்றைய கணக்கை முடித்து, வங்கிக்கும் போய்விட்டு வந்துவிடுவேன்" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு மாதம் பார்க்கச் சொல்லுங்கள். பில் எழுதிய அனுபவம் இருப்பதால் கதைக்கவும் தயக்கம் இருக்காது.

சம்பளம் கதைக்க ஒரு அளவுகோல் வேண்டும். 2026 ஜனவரியிலிருந்து தேசியக் குறைந்தபட்ச சம்பளம் மாதம் 30,000 ரூபாய், நாளுக்கு 1,200. எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணித்தியாலம் 150 வருகிறது. நம்பிக்கையான கணக்கு வேலைக்கு அதற்கு மேலேதான் தொடங்க வேண்டும்.

இன்னொன்று. பெரிய பிள்ளைகளுக்குத்தான் பள்ளி ஒன்றரை மணிக்கு விடும். சின்ன வகுப்புகளை அதற்கு முதலே விட்டுவிடுவார்கள். அந்த இடைவெளிக்கு வழி பார்க்காமல் வேலைக்கு ஓம் சொல்ல வேண்டாம். அதே வகுப்புத் தாய் ஒருவரோடு கதைத்து, கிழமையில் சில நாள் அவர் கூட்டி வர, சில நாள் நீங்கள் கூட்டி வர ஒழுங்கு செய்யலாம். யார் கூட்டிப் போவார் என்பதை வகுப்பு ஆசிரியருக்கும் சொல்லி வையுங்கள்.

நிலாவெளியிலிருந்து: பக்கத்து ஹோட்டலில் அறை துப்புரவு செய்ய ஆள் கேட்கிறார்கள். பள்ளி நேரத்துக்குள் முடியும் என்கிறார்கள். போகலாமா?

நேரத்தை நன்றாக விசாரித்துவிட்டுப் போங்கள். தங்கியவர்கள் பதினொன்று பன்னிரண்டுக்குத்தான் அறையை விடுவார்கள். புதிதாக வருகிறவர்களுக்கு இரண்டு மணிபோல் அறை தயாராக இருக்க வேண்டும். ஆக வேலை உச்சத்தில் நிற்கிற நேரமும் பள்ளி விடுகிற நேரமும் ஒன்று. "முடியும்" என்று இன்று சொல்கிறவர் ஆட்கள் நிறைந்த நாளில் உங்களை விடமாட்டார்.

இன்னொரு இடைஞ்சல், நம் பக்கத்துச் சீசன். உப்புவெளி, நிலாவெளியில் மே தொடங்கி செப்டெம்பர் வரைதான் கூட்டம். ஆகஸ்ட் விடுமுறையில் பிள்ளை வீட்டில் நிற்கும்போது ஹோட்டல் உங்களை முழுநாளும் கேட்கும். நவம்பரில் மழை தொடங்கி, பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்குப் போகிறபோது வேலை இராது. அந்த ஹோட்டலிலேயே படுக்கை விரிப்புத் தோய்த்து ஸ்திரிக்கை போடும் வேலை இருக்கிறதா என்று கேளுங்கள். சின்ன விடுதிகள் அதை வெளியே கொடுப்பதும் உண்டு. துணி காய்கிற நேரத்தில் பிள்ளையைக் கூட்டி வந்துவிடலாம்.

தம்பலகாமத்திலிருந்து: இடியப்பமும் ரோல்ஸும் செய்து கடைகளுக்குக் கொடுக்க யோசனை. விடிய நாலு மணிக்கு எழும்புவது எனக்குப் பழக்கம்.

நல்ல யோசனை, சமையலையும் நீங்கள் பார்த்துக்கொள்வீர்கள். இதில் கைக் காசு போகிற இடம் மிஞ்சிய சாமான். விற்காததைக் கடைக்காரர் மாலையில் திருப்பித் தந்தால் நட்டம் யாருக்கு? முதல் நாளே கதைத்து முடியுங்கள். என்னைக் கேட்டால், கொஞ்சம் குறைந்த விலைக்குக் கொடுத்து, திருப்பி எடுக்காமல் இருப்பது மேல். இருபது ரோல்ஸில் ஐந்து திரும்பி வந்தால் அன்றைய உழைப்பு அதோடு சரி. காசும் அன்றன்றே வேண்டும். கொப்பியில் எழுதி மாதக் கடைசியில் தருகிறேன் என்கிற கடைக்கு, தொடக்கத்தில் போட வேண்டாம்.

உணவுத் தொழில் என்பதால் உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைச் சந்தித்து என்னென்ன வேண்டும் என்று கேட்டு வையுங்கள். அவர் வீட்டுக்கு வந்து பார்க்கும் முன் நீங்களாகப் போய்ச் சொல்வது நல்லது. வியாபாரப் பதிவைப் பிரதேச செயலகத்தில் செய்யலாம். பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை எடுக்கவும் சிலர் கேட்டிருக்கிறீர்கள். அதைக் கேள்விப்பத்திரம் (டெண்டர்) கோரிக் கொடுப்பார்கள், அதிபரிடம் முன்கூட்டியே விசாரியுங்கள்.

கிண்ணியாவிலிருந்து: அவர் விட்டுவிட்டுப் போய்விட்டார். பிள்ளைக்கு ஒரு சதமும் தருவதில்லை. வேலை தேடும் முன் இதைக் கேட்கலாமா?

கேட்க வேண்டும். பிள்ளையின் உரிமை அது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி நீதவான் நீதிமன்றத்தில் விண்ணப்பிக்கலாம். பதிவுத் திருமணம் இல்லாமல் பிறந்த பிள்ளைக்கும் அந்தச் சட்டத்தில் இடம் உண்டு. முஸ்லிம் முறைப்படி திருமணம் முடித்தவராக இருந்தால் காதி நீதிமன்றம். அவர் மாதச் சம்பளக்காரர் என்றால் வேலை செய்யும் இடத்தின் பெயரை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சம்பளத்திலிருந்தே கழிக்க நீதவான் கட்டளையிட முடியும். சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசு இல்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழுவைக் கேளுங்கள்.

சீனன்குடாவிலிருந்து: டெலிகிராமில் வீடியோவுக்கு லைக் போட்டால் காசு என்கிறார்கள். முதலில் 5,000 கட்டச் சொல்கிறார்கள்.

வேலை தருகிறவர் உங்களிடம் காசு கேட்கமாட்டார். கட்டாதீர்கள்.

சாம்பல்தீவிலிருந்து: ஒரு கந்தோரில் காலை மட்டும் வேலை செய்கிறேன். அரைநாள் ஆளுக்கு ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கிடையாது என்கிறார் முதலாளி. பிள்ளைக்குக் காய்ச்சல் என்று நின்றால் சம்பளத்தில் வெட்டுகிறார்.

ஈ.பி.எஃப்.க்கு அரைநாள், முழுநாள் என்ற பேதம் இல்லை. தற்காலிக ஆளுக்கும் உண்டு. உங்கள் சம்பளத்தில் 8 வீதம் கழித்து, அவர் தன் பங்கு 12 வீதத்தையும் சேர்த்துக் கட்ட வேண்டும். ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 வீதம் முழுக்க அவர் காசு. கடை, கந்தோர் ஊழியர் சட்டத்தில் அமயலீவும் (கெஷுவல் லீவு) உண்டு: முதல் வருடத்தில் ஒவ்வொரு இரண்டு மாதம் முடியவும் ஒரு நாள், இரண்டாம் வருடத்திலிருந்து வருடத்துக்கு 7 நாள். காய்ச்சலுக்கு அந்த லீவை எடுக்கலாம்.

ஆனால் சண்டையோடு தொடங்காதீர்கள். முதலில் நியமனக் கடிதம் கேளுங்கள், சட்டப்படி அவர் தர வேண்டிய ஒன்று. வேலை நேரமும் அதில் எழுத்தில் வரட்டும். வாயால் சொன்ன "ஒரு மணிக்குப் போகலாம்" என்பது புது மனேஜர் வந்ததும் காணாமல் போய்விடும். இழுத்தடித்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம்.

மூதூரிலிருந்து: வேலைக்குப் போனால் அரசாங்கம் தருகிற அஸ்வெசும நிவாரணக் காசை வெட்டிவிடுவார்களா?

வேலை ஒன்றை மட்டும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்று பலதையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். விபரத்தை உள்ளபடி கொடுங்கள். அந்தப் பயத்தில் நிலையான சம்பளத்தை விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

லிங்கநகரிலிருந்து: தையல் தெரியும். நல்ல மெஷின் வாங்க லோன் எடுக்கலாமா? கிழமைக்குக் கிழமை வந்து காசு வாங்குகிற கம்பனி ஒன்று தருகிறதாம்.

தையல் பள்ளி நேரத்துக்கு நன்றாகப் பொருந்தும். பிள்ளைகளுக்கு அரசாங்கம் சீருடைத் துணி கொடுத்ததும், எங்கே தைப்பது என்று தாய்மார் தேடுவார்கள். அந்த நேரத்துக்கு முன்பே பள்ளி வாசலில் நாலு பேருக்குச் சொல்லி வையுங்கள். பிறகு தீபாவளி, பொங்கல், பெருநாள். இடையில் வேலை ஓயும். லோன்காரர் அந்தக் கிழமையும் வாசலில் நிற்பார், பிரச்சினை அங்கேதான். ஒரு லோனை அடைக்க இன்னொரு லோன் எடுத்துச் சிக்கிய குடும்பங்கள் கிழக்கில் எத்தனை என்று உங்களுக்கே தெரியும்.

அதற்கு முதல் பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். பெண் தலைமைத்துவக் குடும்பம் என்று பதிந்து, வாழ்வாதார உதவியாக மெஷின் கிடைக்குமா என்று கேளுங்கள். கிராம உத்தியோகத்தரின் கடிதத்தையும் கையோடு கொண்டு போங்கள். கிடைக்கத் தாமதமானால் பாவித்த மெஷின் ஒன்றை வாங்கி, மூன்று மாதம் வருகிற காசைக் கொப்பியில் எழுதிப் பாருங்கள். லோன் எடுப்பதா இல்லையா என்பதை அந்தக் கொப்பியை விரித்து வைத்துக்கொண்டு முடிவெடுக்கலாம்.