வாசிக்கத் திணறும் பிள்ளைகளுக்குக் கல்லூரி மாணவர்கள் கைகொடுப்பது எப்படி?

கேள்வி: கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் நாட்டு நலப்பணித் திட்ட அலுவலராக இருக்கிறேன். பக்கத்து ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் 4, 5ஆம் வகுப்புப் பிள்ளைகள் 28 பேர் தமிழ் வாசிக்கத் திணறுகிறார்கள். என்னிடம் 20 மாணவர்கள் உண்டு. எங்கிருந்து தொடங்குவது?

பதில்: முதலில் நாள்காட்டியைப் பாருங்கள். இந்த மாதிரி முயற்சிகள் ஆர்வம் குறைந்து நிற்பதைவிட செமஸ்டர் தேர்வில் நிற்பதுதான் அதிகம். ஜூலை தொடக்கத்தில் ஆரம்பித்து, காலாண்டுத் தேர்வுக்கு முன் முடியும்படி 10 வாரம், வாரம் 3 நாள், நாளுக்கு 45 நிமிடம் என்று வையுங்கள். பள்ளி விட்டபின் வேண்டாம், பிள்ளைகள் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். கடைசி பீரியடைக் கேளுங்கள். தலைமை ஆசிரியர் வாயால் சரி சொன்னால் போதாது. கல்லூரி முதல்வரின் கடிதத்தை வட்டாரக் கல்வி அலுவலரிடம் கொடுத்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

அடுத்து, பிள்ளைகளை நிலை பார்த்துப் பிரிக்க வேண்டும், வகுப்பு பார்த்து அல்ல. பிள்ளைகளின் வாசிப்புத் திறனை அளக்கும் அசர் (ASER) ஆய்வின் தமிழ் வாசிப்புத் தாள் இதற்குப் போதும்; அதில் எழுத்து, சொல், பத்தி, கதை என நான்கு நிலைகள் உண்டு. ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக உட்காரவைத்து, முதலில் பத்தியைக் கொடுங்கள். தடையின்றிப் படித்தால் கதை; திணறினால் 5 சொற்கள். அவற்றில் 4 சரியென்றால் சொல் நிலை, இல்லாவிட்டால் எழுத்துக்கு இறங்குங்கள். ‘க, ங, ச’ என்று ஒப்பிக்கவிட்டு ஏமாறாதீர்கள். வரிசையைக் கலைத்துக் கேட்டால்தான் உண்மை தெரியும்.

சிக்கல் பெரும்பாலும் உயிர்மெய்யில்தான். ‘கொடி’யில் ஓர் ஒலிக்கான குறி ககரத்தின் இரு பக்கமும் பிரிந்து நிற்கிறது. முன்னால் உள்ள கொம்பை மட்டும் பார்க்கிற பிள்ளை ‘கெடி’ என்பான், பின்னால் உள்ள காலை மட்டும் பார்க்கிறவன் ‘காடி’ என்பான். இரண்டும் வேறு வேறு பிழை. தன்னார்வலர் இதை நோட்டில் அப்படியே குறிக்க வேண்டும். ‘தவறு’ என்று மட்டும் எழுதினால் மறுநாள் எதைச் சொல்லிக்கொடுப்பது? இப்படிப்பட்ட பிள்ளைக்கு 247 எழுத்தையும் மறுபடி ஓட்டவேண்டியதில்லை. கெ–கே–கொ–கோ குறிகளை மட்டும் எடுத்து, ப, த, ம என்று மெய்யை மாற்றி மாற்றி அட்டையில் காட்டினால் போதும். ‘பழம்’ என்பதைப் ‘பளம்’ என்று படித்தால் விட்டுவிடுங்கள், அது ஊர்ப் பேச்சு. எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம்.

நாலு பிள்ளைக்கு ஒரு குழு, குழுவுக்கு இரண்டு பேர். ஆக 7 குழுக்களுக்கு 14 பேர், மீதி 6 பேர் மாற்றாளுக்கும் அட்டை தயாரிக்கவும். கடைசிவரை ஆளை மாற்றாதீர்கள். பழகிய அக்காவிடம் தப்பாகப் படிக்கத் தயங்காத பிள்ளை, புதிய முகத்தைப் பார்த்தால் வாயே திறக்காது. இரட்டையாகப் போனால் ஒருவர் வராத நாளிலும் குழு நிற்காது. எந்தப் பிள்ளையோடும் யாரும் தனியறையில் இருக்கக் கூடாது, படமெடுத்து ஸ்டேட்டஸில் போடவும் கூடாது. இதை முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

45 நிமிடத்தில் முதல் 10 நிமிடம் தன்னார்வலர் கதை படித்துக் காட்டட்டும். அடுத்த 20 எழுத்து, சொல் அட்டைகளுக்கு. மீதி நேரம் பிள்ளையே படித்து, மூன்று சொல் எழுத வேண்டும். ஸ்டோரிவீவர் தளத்தில் நிலை வாரியாகத் தமிழ்க் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன; முதல் நிலைக் கதைகளை அச்செடுத்துக்கொள்ளுங்கள்.

5ஆம் வாரமும் 10ஆம் வாரமும் அதே முறையில், வேறு தாளில் சோதியுங்கள். 5ஆம் வாரம் நிலை உயர்ந்த பிள்ளையை அன்றே அடுத்த குழுவுக்கு மாற்றலாம். பிழை நோட்டை 10ஆம் வாரம் வகுப்பு ஆசிரியரிடம் கொடுத்துவிடுங்கள். காலாண்டு விடுமுறைக்குப் பின் அவர் தொடர அது வேண்டும்.