மூன்றாம் எட்வர்டின் பொற்காசு

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்து மன்னர் மூன்றாம் எட்வர்டின் 'நோபிள்' பொற்காசு ஒன்றின் படத்தைப் பார்த்தேன். விளிம்பு சீரான வட்டமாக இல்லை. முத்திரை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கிறது. சில எழுத்துகள் இரட்டையாகத் தெரிகின்றன. வானளாவிய தேவாலயங்களைக் கட்டியவர்களுக்கு ஒரு காசை ஒழுங்காக அடிக்கத் தெரியாமல் போனது ஏன்?

– ஒரு வாசகர்

அன்புள்ள வாசகருக்கு,

அந்தக் காசு சம்மட்டியால் அடிக்கப்பட்டது. பொன்னை உருக்கி வார்த்து, வேண்டிய கனத்துக்குத் தட்டி, வில்லைகளாக வெட்டி, எடை சரிபார்த்த பின், மரக்கட்டையில் இறுக்கிய கீழ் அச்சின்மேல் வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையில் பிடித்துக்கொண்டு ஓங்கி அடிப்பார்கள். வில்லையைச் சுற்றி வளையம் கிடையாது. எனவே பொன் தன் போக்கில் பரவும். வில்லை சற்று நகர்ந்தால் முத்திரை ஒதுங்கும். இரண்டாம் அடி விழும்போது அச்சு இம்மியளவு திரும்பினாலும் எழுத்து இரட்டிக்கும்.

ஆனால் இதைத் திறமைக் குறைவு என்று சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. நாணயச்சாலை கண்ணும் கருத்துமாகக் காத்தது எடையையும் மாற்றையுமே (மாற்று என்பது பொன்னின் தூய்மை). 1344 ஜனவரியில் எட்வர்ட் வெளியிட்ட முதல் பொற்காசுக்கு, அதிலிருந்த பொன்னின் விலையைவிடக் கூடுதல் மதிப்பு குறிக்கப்பட்டதால் மக்கள் அதை ஏற்கவில்லை. அதே ஆண்டில் அது கைவிடப்பட்டது. அதற்குப் பதிலாக வந்ததே 80 பென்னி மதிப்புள்ள நோபிள். அதன் பொன் ஏறத்தாழ 99.5 விழுக்காடு தூய்மையானது. முதலில் சுமார் 9 கிராமாக இருந்த எடை 1351-க்குள் படிப்படியாகச் சுமார் 7.8 கிராமாகக் குறைக்கப்பட்டு, அதன்பின் அறுபது ஆண்டுகள் அப்படியே நின்றது. அடித்த காசுகளில் சிலவற்றைப் பெட்டியில் போட்டுவைத்துப் பின்னர் எடையும் மாற்றும் சோதிக்கும் வழக்கமும் இருந்தது.

திறமையைக் காண அச்சு வெட்டியவரின் வேலையைப் பாருங்கள். கப்பலில் மன்னர் நிற்கிறார். ஒரு கையில் வாள், மறு கையில் கேடயம். அந்தச் சிறு கேடயத்தில் பிரான்சின் அல்லி மலர்களும் இங்கிலாந்தின் சிங்கங்களும் தனித்தனியாகத் தெரிகின்றன. கப்பலின் கயிறுகளைக்கூட எண்ணலாம். இவை அனைத்தும் எஃகில் இடம்வலம் மாற்றிப் பதிக்கப்பட்டவை. சுற்றியுள்ள எழுத்துகளோ அரசியலைச் சுமப்பவை: 1360-இல் பிரான்சுடனான போரை நிறுத்திய பிரெத்தினி உடன்படிக்கை ஏற்பட்டபின், எட்வர்ட் உரிமை கோரிவந்த 'பிரான்சின் அரசர்' என்ற பட்டம் காசிலிருந்து விலக்கப்பட்டது; 1369-இல் போர் மீண்டும் மூண்டதும் திரும்ப வந்தது.

விளிம்பைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கவனியுங்கள். முத்திரை ஒதுங்கிய காசில் ஒரு புறம் எழுத்து குறைந்தால் எதிர்ப்புறம் வெற்றிடம் மிகுந்திருக்கும். அப்படியில்லாமல் எழுத்துகளின் தலை மட்டும் வெட்டுப்பட்டு, எடையும் குறைந்திருந்தால், காசு வெளியே போனபின் யாரோ ஓரத்தைக் கத்தரித்துப் பொன்னைத் திருடியிருக்கிறார் என்று கொள்ளலாம்.