கண்காட்சியில் வைத்த ரோபோவுக்கு இனிப் பேட்டன்ட் கிடைக்குமா?

கேள்வி: வெள்ளவத்தையைச் சேர்ந்த மூன்று நண்பர்கள் நாங்கள். கடலில் மீன் வளர்க்கும் கூடுகளின் வலையில் படியும் பாசியையும் மட்டியையும் தேய்த்தெடுக்கும் ரோபோ ஒன்றைச் செய்திருக்கிறோம். திருகோணமலையில் கொடுவா வளர்க்கும் ஒருவர் தன் கூட்டில் பரீட்சித்துப் பார்க்கச் சம்மதித்துவிட்டார். ஏழு மாதத்துக்கு முன் கொழும்பில் ஒரு கண்காட்சியில் அதை வைத்தோம். அதனால் இனிப் பேட்டன்ட் கிடைக்காது என்கிறார் ஒருவர். இன்னொருவர் நாலு லட்சம் ரூபாய்க்கு 'உலக பேட்டன்ட்' எடுத்துத் தருகிறாராம். யாரை நம்புவது?

பதில்: இரண்டு பேரையும் நம்பாதீர்கள். இலங்கையில் விண்ணப்பிக்க உங்களுக்கு இன்னும் ஐந்து மாதம் இருக்கிறது.

விண்ணப்பத்துக்கு முன்பே வெளியே தெரிந்துவிட்ட கண்டுபிடிப்பு புதியதாகாது என்பதுதான் விதி. ஆனால் வெளியிட்டது கண்டுபிடித்தவரே என்றால், விண்ணப்பத் திகதிக்கு முந்திய ஒரு வருடத்துக்குள் நடந்ததைக் கணக்கில் எடுக்காமல் விடுகிறது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டம். கண்காட்சியின் முதல் நாளிலிருந்து எண்ணுங்கள். அதற்கு முன் உங்களில் யாராவது பேஸ்புக்கில் வீடியோ போட்டிருந்தால் அந்த நாளிலிருந்து.

வெளிநாட்டில்தான் சிக்கல். அமெரிக்காவில் இதுபோல ஒரு வருடச் சலுகை உண்டு. சால்மன் பண்ணைகள் நிறைந்த நோர்வேயிலும் மற்றப் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளிலும் உங்கள் கண்காட்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. மாணவர்களை மேடையேற்றிக் கைதட்டும் நம் பல்கலைக்கழகங்களும் கண்காட்சி நடத்துபவர்களும், "முதலில் விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு வா" என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? எத்தனை பிள்ளைகள் ஒரு கேடயத்துக்காக ஐரோப்பாவையே இழந்துவிட்டு என்னிடம் வருகிறார்கள்!

சரி, நீங்கள் முழுதாக இழந்துவிட்டீர்களா? நீங்கள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மேசைமேல் மஞ்சள் நிற உடம்பு, நாலு புரொப்பெல்லர், முன்னால் சுழலும் பிரஷ். பின்னால் தொங்கும் பதாகையிலும் அதே வெளித்தோற்றம்தான். நீரோட்டம் இழுக்கும்போதும் வலையை விடாமல் பிடித்துக்கொள்ளும் பகுதி மூடிக்குள் இருக்கிறது. பார்த்தவர் அதே பொருளைத் தானும் செய்யக்கூடிய அளவுக்குத் தெரிந்திருந்தால்தான் அது வெளியானதாகும். வலை கழுவும் ரோபோக்கள் நோர்வேயில் ஏற்கெனவே ஓடுகின்றன, பிரஷுக்கும் புரொப்பெல்லருக்கும் உங்களுக்கு எப்படியும் பேட்டன்ட் கிடைக்காது. உங்கள் சரக்கு அந்தப் பிடிமானம்தான். அதனால் அன்று ஸ்டாலில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள்: யாருக்காவது மூடியைக் கழற்றிக் காட்டினீர்களா? கையால் வரைந்து விளக்கினீர்களா? துண்டுப்பிரசுரத்தில் உள்படம் இருந்ததா? மூன்றுக்கும் இல்லை என்றால் ஐரோப்பாவும் இன்னும் கையில் இருக்கிறது. ஒன்றுக்கு ஆம் என்றாலும், யாருக்கு, எந்த நாளில் என்று எழுதிவைத்துக்கொண்டு வாருங்கள். கண்காட்சிக்குப் பிறகு அந்தப் பகுதியில் செய்த மாற்றம் எதுவானாலும் அது தனிக் கணக்கு.

அப்புறம் அந்த நாலு லட்சக்காரர். உலக பேட்டன்ட் என்று ஒன்று உலகத்தில் இல்லை. 150க்கும் மேற்பட்ட நாடுகள் சேர்ந்த ஒப்பந்தத்தின் கீழ் ஒரே சர்வதேச விண்ணப்பம் போடலாம். அது அவகாசம்தான் வாங்கித் தரும். முதல் விண்ணப்பத்திலிருந்து 30 மாதமளவில் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியே போய்க் காசு கட்டத்தான் வேண்டும். இன்னொரு தந்திரமும் நடக்கிறது. பேட்டன்ட் என்று சொல்லிக் காசை வாங்கிக்கொண்டு, வெளித்தோற்றத்தை மட்டும் காக்கும் கைத்தொழில் வடிவமைப்புச் சான்றிதழை எடுத்துக் கொடுப்பார்கள். மஞ்சள் உடம்பை நீல நிறத்தில் வேறு வடிவமாக வார்த்து, உங்கள் பிடிமானத்தை அப்படியே உள்ளே வைத்து எவரும் விற்கலாம். விண்ணப்பதாரர் பெயரில் தன் பெயரைப் போட்டுக்கொள்பவர்களும் இருக்கிறார்கள். படிவத்தின் ஒவ்வொரு வரியையும் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதீர்கள். கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் உள்ள தேசிய புலமைச் சொத்து அலுவலகத்துக்கு நேரே போய், அவர் பதிவுபெற்ற முகவரா என்று கேளுங்கள்.

பேட்டன்ட் விண்ணப்பத் திகதியிலிருந்து 20 வருடம் செல்லும். அது கைக்கு வர எத்தனை காலம் இழுக்கிறது என்பதை நினைத்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஆனால் உங்களுக்கு இப்போது வேண்டியது அந்தத் திகதி மட்டும்.

தம்பி, திருகோணமலைப் பயணத்தைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். தள்ள முடியாதென்றால், இரகசியம் காப்பதாகப் பண்ணைக்காரரிடம் எழுத்தில் ஒப்பந்தம் வாங்கிக்கொண்டு போங்கள். கூட்டருகே ரோபோ நின்றுபோனால், படகில் எத்தனை பேர் சுற்றி நின்றாலும் மூடியை அங்கே கழற்ற வேண்டாம். அறைக்குக் கொண்டுவந்து திறவுங்கள்.