தொலைவிலுள்ள கோயில் மணி அதிகாலையில் மட்டும் ஏன் தெளிவாகக் கேட்கிறது?

நண்பகலில் காதில் விழாத கோயில் மணி, அதிகாலையில் வேலிக்கு அப்பால் நின்று அடிப்பதுபோலக் கேட்பதைக் கிளிநொச்சி, முல்லைத்தீவு வயல்வெளிகளை அண்டி வாழ்பவர்கள் நன்கு அறிவார்கள். ஊர் அடங்கியிருப்பது ஒரு காரணம். முக்கிய காரணம் ஒலிமுறிவு, அதாவது வெப்பநிலை மாறும் காற்றினூடே செல்லும்போது ஒலியின் பாதை வளைவது.

வெப்பக் காற்றில் ஒலி சற்று விரைவாகச் செல்லும்: 20 பாகை செல்சியசில் செக்கனுக்கு ஏறத்தாழ 343 மீற்றர், 30 பாகையில் 349 மீற்றர். மாட்டுவண்டிலின் ஒரு சில்லு சேற்றில் இறங்கினால் வண்டில் சேற்றுப் பக்கம் திரும்புவதுபோல, ஒலியும் தான் மெதுவாகச் செல்லும் குளிர்ந்த பக்கம் திரும்புகிறது. பகலில் தரையோரக் காற்று சூடாகவும் மேற்காற்று குளிர்ச்சியாகவும் இருப்பதால் ஒலி மேல்நோக்கி வளைந்து தலைக்கு மேலாகப் போய்விடுகிறது. முகில் இல்லாத, காற்று அசையாத இரவின் முடிவில் தரையோரக் காற்றே குளிர்ந்திருப்பதால், மேலெழுந்த ஒலியும் கீழே வளைந்து நம் செவிக்கு வருகிறது.

 

குளிர்ந்த வேளையில் ஒலி வேகமாக வருகிறது என்று பலர் எண்ணுவது தவறு. அது மெதுவாகத்தான் வருகிறது, ஆனால் வழிதவறாமல் வருகிறது.