குளிர்ந்த நீரில் ஒரு சிட்டிகை

அன்புள்ள ஆசிரியருக்கு,

இரவுப் பணி முடிந்து விடியற்காலை நான்கு மணிக்கு வீடு திரும்புகிறேன். அடுப்படியில் உருட்டி அம்மாவை எழுப்ப மனமில்லை. அதனால் காபிப் பொடியைக் குளிர்ந்த நீரில் பல மணி நேரம் ஊறவைத்து வடிக்கும் கோல்ட் ப்ரூ செய்ய ஆரம்பித்தேன். வீட்டிலிருக்கும் பில்டர் காபிப் பொடி 100 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் போட்டுவிட்டு, மாலை ஐந்து மணிக்கு வேலைக்குக் கிளம்பினேன். திரும்பி வந்து பார்த்தால் வண்டல் கட்டி, கஷாயம்போல் கசக்கிறது. ஊறும் நேரத்தைக் குறைக்கவா? வலை வைத்த ஜாடி வாங்க வேண்டுமா? வயிற்றெரிச்சலுக்கு இது நல்லது என்கிறார்களே? அம்மாவின் பொடி பழங்காலத்துச் சரக்கு, இதற்கு ஒத்துவராது என்று தோன்றுகிறது.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

அம்மா தூங்கட்டும் என்று நினைத்தீர்களே, அதற்காகவே உடனே எழுதுகிறேன். ஆனால் கடிதம் முடிவதற்குள் அவருடைய பொடியைப் பழங்காலத்துச் சரக்கு என்று தள்ளிவிட்டீர்கள். அதில் சிக்கரி எத்தனை சதவீதம் என்று அவரிடம் ஒருமுறையாவது கேட்டீர்களா? கேட்டிருந்தால் இந்தக் கடிதமே வந்திருக்காது.

ஜாடி வேண்டாம், எவர்சில்வர் தூக்குச்சட்டியும் வெள்ளைத் துணியும் போதும். வயிற்றெரிச்சலை மருத்துவரிடம் கேளுங்கள். குளிர்நீரில் ஊறிய காபியில் புளிப்பு குறையும், காஃபீன் இருக்கத்தான் செய்யும்.

திண்டுக்கல்லில் என் அத்தை, மாமா வாங்கிவரும் காபிப் பொட்டலத்தை நேராக டப்பாவில் கொட்டமாட்டார். கண்ணாடித் தம்ளரில் பானைத் தண்ணீரை நிரப்பி, ஒரு சிட்டிகைப் பொடியை மேலே தூவுவார். பிள்ளைகள் நாங்கள் மூச்சுவிடாமல் சுற்றி நிற்போம். வறுபட்ட காபியில் எண்ணெயும் காற்றும் உண்டு, அது மிதக்கும். சிக்கரி மூழ்கும். மூழ்கும்போதே பழுப்பு நூலாகச் சாயத்தை இழுத்துக்கொண்டு இறங்கும். ஒருமுறை, சிக்கரியே வேண்டாம் என்று சொல்லி வாங்கிய பொடியில் தம்ளர் முழுக்க நூல். அத்தை ஒரு வார்த்தை பேசவில்லை. பொட்டலத்தைப் பழையபடி கட்டி மாமாவின் கையில் கொடுத்தார். சித்திரை வெயிலில் மாமா மறுபடி கடைக்கு நடந்தார்.

சிக்கரி ஒரு செடியின் வேர். குஜராத்தில் ஜாம்நகர் பக்கம் விளைகிறது. துண்டு போட்டு உலர்த்தி, வறுத்து அரைக்கிறார்கள். பச்சைத் தண்ணீர் பட்டதுமே அது நிறத்தையும் கசப்பையும் இறக்கிவிடும். காபிக்கோ குளிர்நீரில் பல மணி நேரம் வேண்டும். அத்தை அரை நிமிடம் செய்த சோதனையை நீங்கள் பதினோரு மணி நேரம் செய்திருக்கிறீர்கள். நேரத்தை எவ்வளவு குறைத்தாலும் முந்திக்கொண்டு இறங்குவது சிக்கரிதான், பின்தங்குவது காபி. வண்டலுக்குக் காரணம் பில்டருக்கென்று அரைத்த மென்பொடி.

கொதிக்கும் பாலில் சிக்கரி திடம் தரும். காபி 80க்கு சிக்கரி 20 என்று குடித்து வளர்ந்த நாக்கை நான் குறை சொல்லவில்லை. என் சண்டையெல்லாம் தெரியாமல் குடிப்பதோடு. சிக்கரி கலந்த பொடியில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, கலந்த விகிதத்தை உறையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். அதாவது ஏறக்குறைய பாதி வேராக இருந்தாலும் அது விற்பனைக்கு வரலாம். கைபேசி வாங்க நாற்பது விவரம் படிப்பவர்கள், தினமும் இரண்டு வேளை வாய்க்குள் போவதன் உறையைத் திருப்பிப் பார்ப்பதில்லை. எனக்கு ஆத்திரம் வருகிறது ஐயா.

வறுத்து அரைக்கும் கடைக்குப் போய் பிளாண்டேஷன் ஏ என்ற ரகக் காபிக்கொட்டை கால் கிலோ கேளுங்கள். சிக்கரி வேண்டாம், கோதுமை ரவை பதத்தில் அரையுங்கள் என்று சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், நின்று கேட்டு வாங்குங்கள். 100 கிராமுக்கு 800 மில்லி தண்ணீர். மதியம் இரண்டு மணிக்கு ஊறவைத்து மூடி ஃபிரிட்ஜில் வைத்தால், நீங்கள் திரும்பும்போது பதினான்கு மணி நேரம் ஆகியிருக்கும். துணியில் வடிகட்டுங்கள், பிழியாதீர்கள். மிகத் திடமாக இருந்தால் தண்ணீர் சேர்த்துக்கொள்ளலாம்.

அதற்குமுன் விடுமுறை நாளில் அம்மாவை அருகில் உட்காரவைத்து, அவருடைய டப்பாவிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துத் தண்ணீரில் தூவுங்கள். எத்தனை நூல் இறங்கியது என்று எனக்கு எழுதுங்கள்.