‘வேஸ்ட்டாப் போனவங்க’ – ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

என் பையனுக்கு 13 வயசு. லெக் ஸ்பின் போடறான். கோச் ‘இவன் எங்கயோ போகப் போறான் பாருங்க’ன்னு பாக்கறப்ப எல்லாம் சொல்றார். கேக்க சந்தோஷமா இருந்தாலும் பயமா இருக்கு சார். காம்ப்ளி, பிரித்வி ஷா, நம்ம எல். சிவராமகிருஷ்ணன்னு, அவ்ளோ திறமை இருந்தும் ஒழுக்கம் இல்லாம வேஸ்ட்டாப் போனவங்க லிஸ்ட் பெருசா இருக்கே. என் பையன் அந்த லிஸ்ட்ல சேராம இருக்க ஒரு அப்பாவா நான் என்ன பண்ணணும்?

எஸ்., திருப்பூர்

அன்புள்ள எஸ்,

உங்க லெட்டரப் படிச்சதும் கோவம்தான் வந்துச்சு. அப்பறம் ராத்திரி மறுபடி எடுத்துப் படிச்சேன், அதுவும் உண்மை. காரணம் இருக்கு. போன மாசம் எங்க மாமாவோட காரியத்துக்கு செங்கல்பட்டு போயிருந்தேன், அங்க தட்டுல இருந்த சாத்துக்குடி ஒண்ண எடுத்தேன், என்னை அறியாம மணிக்கட்டு ஒரு சுத்து சுத்துச்சு, பக்கத்துல இருந்த மாமா பையன் பாத்துட்டு ‘கூக்ளியா?’ன்னான். கூக்ளின்னா லெக் ஸ்பின் மாதிரியே போட்டு எதிர்ப்பக்கம் திரும்பற பந்து, எனக்கு அத சொல்லிக் குடுத்ததே மாமாதான், சாத்துக்குடிய வச்சுதான். அதுலேந்து ஒரு மாசமா சிவாதான், அதாவது நீங்க சொன்ன சிவராமகிருஷ்ணன்தான், மண்டைக்குள்ள ஓடிட்டு இருக்கார், சரியா அப்ப பாத்து நீங்க ‘வேஸ்ட்’னு எழுதறீங்க.

காம்ப்ளிய மொதல்ல முடிச்சிடறேன். 17 டெஸ்ட், 4 செஞ்சுரி, அதுல ரெண்டு அடுத்தடுத்து டபுள், ஆவரேஜ் 54. கடைசி டெஸ்ட் ஆடறப்ப வயசு 23. இதுக்குப் பேர் வேஸ்ட்டுன்னா நாம எல்லாம் யாரு? பிரித்வி ஷாவ விடுங்க, அவன் இன்னும் ஆடிட்டு இருக்கற பையன், அதுக்குள்ள அவனுக்கு நாம கருமாதி பண்ண வேணாம்.

சிவாவுக்கு வர்றேன்.

1984 டிசம்பர். இந்திரா காந்தி செத்து ஒரு மாசம், ஊரே ஒரு மாதிரி இருந்த நேரம். பம்பாய் டெஸ்ட்ல இங்கிலாந்த மொத இன்னிங்ஸ்ல 64 ரன்னுக்கு 6 விக்கெட், ரெண்டாவதுல 117க்கு 6னு சுருட்டி வச்சார், வயசு 19கூட முடியல. அடுத்த டெஸ்ட் டெல்லி, அங்கயும் மொத இன்னிங்ஸ்ல 6. தொடர்ந்து மூணு இன்னிங்ஸ்ல ஆறாறு விக்கெட். நான் அப்ப ஏழாங்கிளாஸ், எங்க தெருவுல அத்தன பசங்களும் ஒரே வாரத்துல லெக் ஸ்பின்னர் ஆயிட்டோம், ஃபாஸ்ட் போட ஆளே இல்ல. அந்த சீரிஸ்ல சேப்பாக்கம் டெஸ்ட் பொங்கல் லீவுல வந்துச்சு. மாமா எப்படியோ டிக்கெட் பொரட்டிட்டார். செங்கல்பட்டுலேந்து எலெக்ட்ரிக் ட்ரெயின்ல பார்க் ஸ்டேஷன், அப்ப பறக்கும் ரயில் எல்லாம் கிடையாது, அங்கேந்து வேகாத வெயில்ல நடை, கையில புளிசோறு, நாலு சாத்துக்குடி.

நாங்க போன அன்னிக்கு விக்கெட்டே விழ மாட்டேங்குது. ஃபௌலர் 201, கேட்டிங் 207. இங்கிலாந்துக்காரங்க ரெண்டு பேரு ஒரே இன்னிங்ஸ்ல டபுள் செஞ்சுரி அடிச்சது அதான் மொத தடவ, அத பாக்கறதுக்குன்னு நான் போயிருக்கேன் பாருங்க. 652க்கு 7ல டிக்ளேர் பண்ணாங்க. காலைல சிவா பந்த கையில எடுத்தாலே ‘சிவா, சிவா’ன்னு கோயில் திருவிழா மாதிரி கத்தின எங்க ஸ்டாண்டு, சாயங்காலம் ஆக ஆக வேற மாதிரி கத்த ஆரம்பிச்சுது. அவரு அம்மாவ இழுத்தாங்க, நிறத்த இழுத்தாங்க. நானும் கத்தினேன் எஸ். பன்னெண்டு வயசு, என்ன கத்தறேன்னு பாதி தெரியாது, பக்கத்துல இருக்கறவன் சொல்றத நானும் சொன்னேன். சாத்துக்குடி தோல வேற கம்பி வேலி மேல வீசினேன். ஒன்றரை மாசத்துக்கு முன்னாடி 12 விக்கெட் எடுத்த ஆளு அவரு.

மாமா அங்க ஒண்ணும் சொல்லல. திரும்பி வர்றப்ப தாம்பரம் தாண்டினதும் சொன்னார், ‘உன் கணக்குப் பரிட்சைய ஊரே சுத்தி உக்காந்து பாத்தா நீ எத்தன மார்க்குடா வாங்குவ?’ அவ்ளோதான். அப்பறம் வீடு வர்ற வரைக்கும் எங்கூட பேசல.

இப்ப நீங்க சொல்ற ‘ஒழுக்கம்’. இந்த வார்த்தைய எவ்ளோ சுலபமா எடுத்து வீசறீங்க! சிவா வீட்ல இருந்து பாத்தீங்களா? 2021ல சிவாவே ட்விட்டர்ல எழுதினார், வாழ்க்கை முழுக்க நிறத்த வச்சு என்னை ஒதுக்கியிருக்காங்க, அதுவும் நம்ம நாட்லயேன்னு. 17 வயசுல ஆன்டிகுவால இந்தியாவுக்கு டெஸ்ட் ஆடப் போன கறுத்த பையன் எதையெல்லாம் கேட்டிருப்பான்னு ஒரு நிமிஷம் யோசிச்சுட்டு அப்பறம் ஒழுக்கம் பேசுங்க. நான் யோசிக்காம கத்தினவன், அதனாலதான் சொல்றேன்.

சரி, எனக்கு ரொம்ப நாளா உறுத்தற விஷயம் ஒண்ணு இருக்கு, பொறுமையா கேளுங்க. சிவா 1965 டிசம்பர் 31ல பொறந்தவர். அவரோட கடைசி டெஸ்ட் எங்க தெரியுமா? சிட்னி, 1986 ஜனவரி 2ல ஆரம்பிச்ச மேட்ச். 20 வயசு முடிஞ்சு ரெண்டு நாள். 9 டெஸ்ட், 26 விக்கெட், அதுல 23 அந்த ஒரே இங்கிலாந்து சீரிஸ்ல. கதை முடிஞ்சுது. அதே சிட்னி, அதே இந்தியா ஆஸ்திரேலியா, 1992 ஜனவரி 2. கொஞ்சம் தொப்பையோட ஒரு பையன் மொத டெஸ்ட் ஆட வர்றான், ஆஸ்திரேலியாவோட லெக் ஸ்பின்னர் ஷேன் வார்ன், வயசு 22. சாஸ்திரி 206 அடிச்சு, டெண்டுல்கர் 148 நாட்அவுட், வார்னுக்கு 150 ரன்னுக்கு ஒரே விக்கெட். அடுத்த டெஸ்ட்ல 78 ரன், விக்கெட் இல்ல. அப்பறம் கொழும்புல மொத இன்னிங்ஸ் 107, விக்கெட் இல்ல. கூட்டிப் பாருங்க, 335 ரன்னுக்கு ஒரு விக்கெட்! அந்த நேரத்துல கேப்டன் பார்டர் அவன் கையில மறுபடி பந்தக் குடுக்கறார், இலங்கைக்கு இன்னும் கொஞ்சம் ரன் அடிச்சா ஜெயம்ங்கற நெலமைல, அவன் ரன்னே குடுக்காம கடைசி 3 விக்கெட்ட எடுக்கறான், 16 ரன்ல ஜெயிக்கறாங்க. அதுக்கப்பறம் அவன் 708 டெஸ்ட் விக்கெட் வரைக்கும் போனது உங்களுக்கே தெரியும்.

வார்ன் ஆரம்பிச்ச வயசுல சிவா டெஸ்ட் ஆடி முடிச்சு ரெண்டு வருஷம் ஆயிருந்துச்சு. இத நான் எத்தனையோ பேர்கிட்ட சொல்லிட்டேன், எல்லாரும் ‘ஓ அப்படியா’ன்னுட்டு டீயக் குடிக்கறாங்க. ஒழுக்கத்தப் பத்தி கேக்கறீங்களே, வார்ன் என்ன ஒழுக்க சீலரா? 2003 உலகக் கோப்பைக்கு முன்னாடி தடை பண்ணின மாத்திர போட்டு மாட்டி வீட்டுக்கு வந்தவன். ஒரு வருஷம் தடை முடிஞ்சு திரும்பி வந்தான், விக்கெட் எடுத்தான், கூப்புட்டாங்க, ஆடினான். லெக் ஸ்பின்ங்கறது மணிக்கட்டு வித்த. ஃபாஸ்ட் பௌலருக்கு லைன் தப்பினா பந்து வெளிய போகும், இவனுக்கு பிடி ஒரு நூல் மாறினா ஃபுல்டாஸ், இல்லன்னா தரையக் குத்தி வயத்துக்கு வரும், ரெண்டும் ஃபோர். அது படியறதுக்கு வருஷக்கணக்கா அடி வாங்கணும். அடி வாங்கறப்ப கூட நிக்க ஒரு கேப்டனோ செலக்டரோ வேணும். அது இல்லாம போனதுக்கு பையன குத்தம் சொல்லி, அவன் நமக்கு ஏதோ கடன் பட்டவன் மாதிரி நாப்பது வருஷமா வட்டி கேக்கறோம்.

அவரும் ஒண்ணும் காணாமப் போயிடல. 1985 மார்ச்ல மெல்போர்ன்ல பாகிஸ்தானோட நடந்த ஒரு நாள் ஃபைனல்ல மியாண்டாதை இறங்கி வர வச்சு, சதானந்த் விஸ்வநாத் ஸ்டம்பிங் பண்ணாரே, எதுத்த வீட்டு டிவி முன்னாடி நாப்பது பேரு உக்காந்து பாத்தோம். 1987-88ல தமிழ்நாடு 33 வருஷம் கழிச்சு ரஞ்சி ஜெயிச்ச டீம்லயும் இருந்தார். அப்பறம் எத்தனையோ வருஷம் கமென்ட்ரி. மாமா கடைசி வரைக்கும், அவர் குரல் வந்தா ‘சிவா பேசறான், சவுண்ட ஏத்து’ன்னுவார். ரெண்டு காதும் மந்தமாயிருச்சு அவருக்கு, பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க.

ஆமா, உங்க கேள்விய மறந்துட்டேன். நீங்க என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியல. கோச் சொல்றத பையன் காதுல போடாதீங்க, அது போதும்னு தோணுது. உங்க லெட்டர்ல ‘பயமா இருக்கு’ன்னு எழுதியிருக்கீங்க, பையனுக்கு அந்த ஆட்டம் பிடிச்சிருக்கான்னு ஒரு வரி இல்ல.

இன்னொண்ணு. கூக்ளி போடறப்ப அவன் தோள் கீழ எறங்குதா? எறங்கினா பேட்ஸ்மேனுக்குத் தெரிஞ்சுரும். அதப் பாத்துட்டு எழுதுங்க.